சத்தமாகச் சொல்லச் சொன்னேன்

அப்பா,

காலையிலிருந்து வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை. வாசலில் கொத்தனார் சாய்தளம் பூசிக்கொண்டிருக்கிறார். "வீல் சேர் யாருக்கு மேடம்?" என்று கேட்டார். "எங்கப்பாவுக்கு" என்றேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பதைச் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு நீங்கள் ஆசைப்பட்டது ஒன்றுதான், மாதா கோவில் ஞாயிறு பூசைக்குப் போவது. அதற்காகத்தான் வாசற்படிகளை ஒட்டி முதல் சாய்தளத்தைக் கட்டினோம். மயிலாப்பூர்த் தெருவில் தெரிந்தவர்கள் வணக்கம் சொல்ல, வலக்கையை மட்டும் தூக்கியபடி ராஜா மாதிரி போவீர்கள்.

மறுபடி நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் அது இடிந்து கிடந்தது. "கால்வா தோண்ட வந்தவங்க இடிச்சிட்டாங்க போல" என்றார் மாடி வீட்டுக்காரர், நம் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மறுநாளே அந்த இடத்தில் அவருடைய கார் நின்றது. திரும்பக் கட்ட வந்த ஆட்களையும் சங்கத்தின் பெயரைச் சொல்லித் துரத்தினார். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கோவில் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "விட்டுடும்மா, ஒரே கட்டடத்துல இருக்கிற மனுஷன்" என்றீர்கள்.

அதன் பிறகு நீங்கள் அந்தப் படிகளில் இறங்கியது பெட்டியில்தான். தோள் கொடுக்க முதலில் ஓடி வந்தவர் அவர். அன்று முடிவு செய்தேன்.

வீடு என் பெயரில் என்பதால் வழக்கும் என் பெயரிலேயே போட்டேன். நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். எனக்கு எரிச்சல். சமரசம் யாருக்கு வேண்டும்? அங்கே கூண்டும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு மேஜை, சுற்றி நாற்காலிகள். சமரசராக வந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். முடிவு உங்க ரெண்டு பேரோடது. இங்க பேசறது எதுவும் வெளிய போகாது."

அந்தத் தைரியத்தில்தான் செயலாளர் வாயைத் திறந்தார். "ஆமா, நான்தான் ஆள் வெச்சு இடிச்சேன். வண்டி விட இடமில்ல."

என் வக்கீலிடம் கிசுகிசுத்தேன், "இதைக் கோர்ட்ல சொல்லலாமா சார்?"

"முடியாது மேடம். இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட சரி."

சமரசர் என்னைத் தனியாக அழைத்தார். "நஷ்டஈடு தர்றேங்கிறார். உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"பணம் வேணாம் மேடம். அவர் செலவுல திரும்பக் கட்டணும். இங்க சொன்னதை எங்க கட்டடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"ஒத்துக்கலேன்னா?"

"கேஸ் நடக்கட்டும். எனக்கு அவசரமில்ல."

செயலாளருக்கு அவசரம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டு அடையாறில் இருக்கும் மகனிடம் போய்விடத் துடித்துக்கொண்டிருந்தார். வழக்குள்ள வீட்டை யார் வாங்குவார்கள்? இது தெரிந்துதான் சொன்னேன். சமரசர் அவரிடமும் தனியாகப் பேசினார். அடுத்த அமர்வில் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் அதையே தீர்ப்பாக்கியது.

போன சனிக்கிழமை மாலை, கார் நிறுத்துமிடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடினார்கள். அவர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமா" என்றேன்.

"நான்தான் இடிச்சேன். தப்புதான்." குரல் உடைந்தது. அவர் மனைவி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். எனக்கு இனித்தது அப்பா. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

மறுநாள் பூசைக்குப் போனேன். கர்த்தர் கற்பித்த செபத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அது கடந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன். வரும் ஞாயிறும் அப்படித்தான் சொல்வேன்.