பிளக்கின் மூன்றாவது கால்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா போய் ஏழு மாதமாகிறது. அவருடைய தையல் மிஷினை விற்றுவிட்டோம். நீ கொடுத்துவிட்டுப் போன, கிட்டாரை மாட்டி வாசிக்கும் குட்டி வால்வு ஆம்ப்ளிஃபயர் மட்டும் மூலையில் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் கிட்டே போவதில்லை.

அதோடு அவர் தனிக் குடித்தனமே நடத்தினார். சுவிட்சைப் போட்டால் இரண்டு நிமிடம் வாய் திறக்காது. “அம்மணி இன்னும் முகம் கழுவல” என்பார். பிறகு வால்வு சிவந்து, தூசி கருகும் வாசம் வரும். சத்தத்தைக் கூட்டினால் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்கு உயிரையே விடுவார் என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது.

ஆனால் அந்த ஓயாத இரைச்சல்! வாசிப்பு நின்றாலும் உம்மென்று இருக்கும். எனக்குத் தலை வெடிக்கும். அதற்காக எத்தனை சண்டை!

அன்று காலை கிட்டாரைப் பிடித்தபடி பாடுவதற்கு மைக்கில் வாய் வைத்தார். ஷாக் அடித்து அப்படியே சரிந்தார். “ஓட்டைப் பெட்டிய நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டான்” என்று மாமியார் உன்னைச் சபித்தார். நீயும் போனில், “நான்தான்க்கா கொன்னுட்டேன்” என்று அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பி, அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எலக்ட்ரிக் கடைக்காரர், பிளக்கின் மேலே இருக்கும் தடித்த காலை எடுத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்றார். உன் மாமா வெளியே போயிருந்தபோது குறடால் வெட்டினேன். இரைச்சல் நின்றது. “பாத்தியா, உன் தம்பி பெட்டிக்கு நல்ல புத்தி வந்துடுச்சு” என்று அவர் குதித்தார். நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போன வாரம் பெட்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். “பழசுன்னா கொஞ்சம் கரண்ட் கசியும்மா. அந்தத் தடிச்ச எர்த் கால் இருந்திருந்தா ஃப்யூஸ் போயிருக்கும், ஆள் போயிருக்க மாட்டாரு” என்றார். வெட்டிய கால் இன்னும் உன் மாமாவின் பட்டன் டப்பாவில்தான் கிடக்கிறது.

இதுவரை எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுப் பிளக் மாட்டியாயிற்று. இரைச்சலும் திரும்பிவிட்டது. தினமும் அதைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கிட்டாரைத் தொடுவதே இல்லையாமே. தொடு, தம்பி. உன் கைமேல் எந்தப் பாவமும் இல்லை. என்னோடு பேசாவிட்டாலும் நீ நன்றாயிரு.

அப்படிக் கூப்பிட உனக்கு மனம் இருந்தால்,
அக்கா