பென்குவின் பையில் உன் பெயர்

என் ஆசை அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சுந்தர் வருகிறார். உன் மெட்ராஸ் சுந்தர்தான். மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து அருப்புக்கோட்டை வந்து, பைகளை வாங்கிக்கொண்டு, உன்னையும் பார்த்துவிட்டுப் போகிறாராம். "மதியச் சாப்பாடு உன் வீட்டுலதான்டா" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறார். நீ போய் ஏழு மாதம் ஆகிறது என்று அவருக்குத் தெரியாது அண்ணே. தெரியாமல் வைத்திருப்பது நான்தான்.

அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்துவிட்டேன், திட்டாதே. யாரிடமாவது சொன்னால்தான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக முடியும் போல இருக்கிறது. சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ மெட்ராஸில் அந்தக் கம்ப்யூட்டர்க் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? பையைக்கூடக் கீழே வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாய். லினக்ஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், உலகம் முழுக்க ஆட்கள் சம்பளம் இல்லாமல் அதற்காக எழுதுகிறார்கள் என்றாய். அடுத்த மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சாமான்களையும் காசு கொடுத்து வாங்காமல் நாமே செய்வது என்று பேசி முடித்தீர்களாம். கோயம்புத்தூர்க்காரர் பனியன், திருச்சிக்காரர் ஸ்டிக்கர், பாண்டிச்சேரி அக்கா சட்டையில் குத்துகிற பேட்ஜ். நீ எழுந்து நின்று, "எங்க ஊரு தறி ஊரு. நூறு பை நான் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டாயாம்.

அப்பா கடைக் கணக்கிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏலே, நீ கம்ப்யூட்டரு படிக்கப் போனியா, பை ஏவாரம் பேசப் போனியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்றாய். உனக்குத்தான் எல்லாம் ஒன்றாயிற்றே.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் நான்கே நாள். அதை நான் எழுத மாட்டேன்.

நீ போன இருபதாம் நாள், நீ வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் சார் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வாசலில் நிறுத்தினார். "உங்கண்ணனுக்கு வந்திருக்கும்மா" என்று ஒரு இன்லண்டு லெட்டரைக் கொடுத்தார். பிரித்தால் சுந்தர். 'டேய் ரவி, ஈமெயில் அனுப்பினேன், பதிலே இல்லை. மதுரைக்குப் போய் மெயில் பார்க்கச் சோம்பேறித்தனமா? பை என்ன ஆச்சு? உன்னைத்தான் நம்பியிருக்கோம்.' எத்தனை சந்தோஷமான எழுத்து தெரியுமா? அந்தக் கடிதத்தில் நீ சும்மா சோம்பேறியாக இருந்தாய். அவ்வளவுதான். வேறு ஒன்றும் ஆகவில்லை உனக்கு.

'பை தயாராகிறது. இனிமேல் தபாலிலேயே எழுதவும். ரவி' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு கார்டோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவர் சென்டர் விலாசத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார், சார் என்னிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். லினக்ஸைத் தமிழில் கொண்டுவர நீ எழுதித் தருவதாகச் சொன்ன சொற்கள் எங்கே என்று கேட்டார். உன் பச்சை நோட்டைத் தேடி எடுத்து, அழித்ததை எறிகிற இடத்துக்கு நீ எழுதி வைத்திருந்த 'குப்பைக்கூடை' வரை எல்லாவற்றையும் பார்த்து எழுதி அனுப்பினேன். 'பிரமாதம்டா, உள்ளே போட்டுட்டேன், உன் பேரும் போட்டாச்சு' என்று பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் பை விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. மாரியக்காவிடம் போய்க் கேட்டேன். நம் தெருக் கடைசியில் தையல் மெஷின் வைத்திருக்கிற அதே பரளச்சி மாரியக்காதான். லினக்ஸின் சின்னம் என்று நீ கட்டம் போட்ட தாளில் வரைந்திருந்த பென்குவின் படத்தைக் காட்டினேன். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தது.

"ஏடி கலா, காக்காவுக்கு வெள்ளைப் பனியன் போட்ட மாதிரி இருக்கு. என்ன பறவைடி இது?"

"பென்குவின்க்கா. ஐஸ் மேலேயே நிக்கும்."

"நம்ம ஊருக்கு வந்துச்சுன்னா ஒரு நாள் தாங்காது. யாரு கல்யாணத்துக்குப் பை?"

"கல்யாணம் இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டரு காய்கறி வாங்கப் போகுதாக்கும்?"

சிரித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தது. "ரவித் தம்பி சொன்ன வார்த்தையா இது?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. தறிக்காரர் வீட்டில் இழை அறுந்ததென்று கழித்துப் போட்டிருந்த துணியைச் சும்மாவே கேட்டு வாங்கி வந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவை வெட்டுவதற்கு உட்கார வைத்தது. நான் கைப்பிடிக்கு நாடா நறுக்கினேன். சனி, ஞாயிறு என்று தைத்துத் தைத்து நூறு பையும் முடிந்துவிட்டது அண்ணே. நீ பார்த்தால் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பாய். நான் இழுத்துப் பார்த்துவிட்டேன். கெட்டியாக இருக்கிறது.

படம் அச்சடிக்கப் பாளையம்பட்டி செல்வராஜ் அண்ணன் ஒத்துக்கொண்டது. கல்யாணத் தாம்பூலப் பைக்கு மணமக்கள் பெயர் அச்சடிக்கிறவர். அதுவும் கூலி வேண்டாம் என்றுவிட்டது. எல்லாம் முடிகிற நேரத்தில் மாரியக்கா கேட்டதே ஒரு கேள்வி.

"உபயம்னு எங்க பேரு எங்கடி வருது?"

எனக்குப் புரியவில்லை.

"கோயில்ல ஒத்த டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தவன் லைட்டே தெரியாம பேரு எழுதிப்புடுறான். இடுப்பு ஒடிய நூறு பை தைச்சிருக்கோம். காக்கா பேரு மட்டும் போட்டா எப்படி?"

"பென்குவின்க்கா."

"எதுவோ ஒண்ணு. எம்பேரு வேணும்."

பாக்கியம் அக்காவுக்கும் வேண்டுமாம். செல்வராஜ் அண்ணன், "அச்சகம் பேரு எப்பவும் அடியில பொடி எழுத்துல போடுவேன், இதுல கொஞ்சம் பெரிசாப் போட்டுக்கிறேன்" என்றது. பயந்துகொண்டே சுந்தருக்கு எழுதினேன், உன் பெயரில்தான். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். 'ஏன்டா கூடாது? நம்ம புரோகிராம்ல ஒரு வரி திருத்தினவன் பேரைக்கூட எழுதி வைக்கிறோம். பைக்கு மட்டும் என்ன? எல்லார் பேரும் போடு. முதல்ல உன் பேர். உன் பேர் இல்லாத பை எனக்கு வேண்டாம்' என்று எழுதிவிட்டார்.

அந்தக் கடிதத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் எழுதியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் செல்வராஜ் அண்ணன் பட்டறையில் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். முதலில் உன் பெயர். அது தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடமே நீட்டியது.

"நினைவாகன்னு சேத்து எழுதும்மா."

"வேண்டாம்ணே. சும்மா பேரு மட்டும் போதும்."

"அதெப்படி? உயிரோட இருக்கிற ஆளுக்குத்தான் சும்மா பேரு. போனவுகளுக்கு நினைவாகன்னு போடாம அடிக்க மாட்டேன். உங்கப்பாரு பாத்தா என்னைய என்ன கேப்பாரு?"

நான் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அது என் முகத்தைப் பார்த்தது. "சரி, வீட்டுல கேட்டுட்டு வா. விடிஞ்சதும் அச்சுக்கு ஸ்கிரீன் போடணும். போட்டப்புறம் மாத்த முடியாது பாத்துக்கோ" என்றது.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குப் புரிகிறதா? இங்கே எல்லாருக்கும் நீ போய்விட்டாய். உன் சட்டையை மாமா பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். மெட்ராஸில் மட்டும்தான் நீ சோம்பேறியாக, பதில் போடாமல், பை தைத்துக்கொண்டு இருக்கிறாய். ஒரு வார்த்தை எழுதினால் அங்கேயும் போய்விடுவாய். எழுத வேண்டியது நான். எனக்குக் கை வரவில்லை அண்ணே.

பயமும்தான். பொய்க் கடிதம் எழுதினவள் என்று சுந்தர் கத்தினால்? அப்பாவிடம் சொன்னால்? இந்தப் பைகளே வேண்டாம் என்று போய்விட்டால், மாரியக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? உன் பெயரையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீயே பேசி வைத்த பையில் நீ இல்லாமலா?

வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திடீரென்று தானாகவே பேசினாள்.

"பை முடிஞ்சிருச்சாம்ல, மாரி சொன்னா. எம்புள்ள வாக்கைக் காப்பாத்திட்டே." களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, "அந்த மெட்ராஸ்காரப் புள்ளைக எனக்கு அம்புட்டுப் பழக்கம்னு ரவி வாய் ஓயாமச் சொல்லுவான். செத்துப் போனான்னு தெரிஞ்சும் அதுல ஒருத்தரும் ஒரு கார்டு போடலையேடி. நாமதான் அவுகள நம்ம பிள்ளைகன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம் போல" என்றாள்.

அவர்களுக்குத் தெரியும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏழு மாதமாகக் கார்டை எதிர்பார்த்திருக்கிறாள். நான் ஒரு நாளும் அதை யோசிக்கவில்லை அண்ணே. எனக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. உன்னை உயிரோடு நான் மட்டும் வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு வரவேண்டிய ஆறுதலையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். குழாயடிக்குப் போகிற மாதிரி வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

அதனால் பட்டியலைத் திருத்திவிட்டேன். முதல் வரியில் 'ரவிச்சந்திரன் நினைவாக'. 'நினைவாக'வை எழுதும்போது எழுத்து கோணிவிட்டது. செல்வராஜ் அண்ணன் அச்சில் சரியாகப் போட்டுவிடும். அடுத்து மாரியம்மாள், பாக்கியம், தறிக்காரர், செல்வராஜ் அண்ணன். என் பெயர் கடைசியில். போடாமல் விட நினைத்தேன், நீ கோபித்துக்கொள்வாய்.

சுந்தருக்கு உண்மையைச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து மூன்று தாள் கிழித்தேன். உன்னிடம் என்றால் இவ்வளவு பக்கம் வந்துவிட்டது. ஆகவே இதையே அவரிடம் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதியதை அவரும் படிக்கட்டும். கோயம்புத்தூர்க்காரர், பாண்டிச்சேரி அக்கா, எல்லாரும் வேண்டுமானால் படிக்கட்டும்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நானே போவேன். அவரை வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு நடக்கவிட மாட்டேன். இறங்கின இடத்திலேயே இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். படித்துவிட்டுத் திரும்பிப் போக நினைத்தால் மதுரை பஸ் பக்கத்திலேயே நிற்கும். நான் தடுக்க மாட்டேன், பையைத் தூக்கி ஏற்றிவிடுவேன். போகவில்லை என்றால் வீட்டுக்குக் கூட்டி வந்து, "அம்மா, ரவி அண்ணனைக் கேட்டு ஆள் வந்திருக்காக" என்று சொல்வேன். அம்மா இலை போடுவாள்.

இனி உன் பெயரில் கையெழுத்துப் போட மாட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
கலா