கௌபாய் இயக்குநரும் கலியாணக் கமராவும்

என் வீட்டுத் தணிக்கை அதிகாரிக்கு,

சிரிக்காதே. விற்கப்போகிறேன் என்று துள்ளினேனே, அந்தக் கமரா நீ ரொறன்ரோ போனதிலிருந்து உன் தலையணையில்தான் படுக்கிறது.

நான் எடுத்த படம் பாதியில் நின்ற அன்று, பழைய அமெரிக்க இயக்குநர் ஒருவரின் கதையைச் சொன்னாய். கௌபாய் படங்களால் பெயரெடுத்தவர். பட வாய்ப்பு வற்றியதும் தொலைக்காட்சித் தொடருக்குப் போய், அங்கேயும் கடைசிவரை குதிரைகளை ஓடவிட்டவர்.

"அந்தாள் சின்னத்திரையெண்டு வெட்கப்பட்டவரே? நீங்களும் கலியாணவீடுகளை எடுங்கோவன்!" என்றாய்.

அந்த ஒரு சொல்லுக்கு நன்றியடி. நேற்று இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மண்டபமொன்றில் என் முதல் கலியாணம். பதறாதே, கமராக்காரனாகத்தான்.

தாலிகட்டு முழுவதும் அழகாகப் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் முகத்துக்காகப் பின்னால் நகர்ந்தபோது, பெண்ணின் பெரியம்மா மடியில் இருந்துவிட்டேன். மூன்றாம் முடிச்சு விழுந்த பிறகு எழும்பினேன்.

உன் கமராக்காரன்