மாடி காலியாக இருக்கிறது

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்டால் ‘நலம்’ என்று ஒரே வார்த்தை எழுதித் தப்பித்துக்கொள்வாய், அதனால் கேட்கவில்லை. பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். வாடகைக்கு இருப்பவர்களின் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சட்டைதான் கசங்கலாக இருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவிடம் காட்டினேன். “வீட்டுக்காரங்களை எதிர்த்துப் பேசறாராமே உங்க தம்பி? நீங்களே வீட்டுக்காரம்மாதானே!” என்று சிரித்தாள். “அவன் மோசமானவங்களைப் பத்திப் பேசறான்” என்றேன்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் நீ. இதில் எப்படிப் போய் மாட்டினாய்?

இங்கே மாடி காலியாக இருக்கிறது. உன் அத்தான் காலமான பிறகு அந்த வாடகைதான் எனக்குக் கைகொடுக்கிறது. நல்ல குடும்பமாக யாராவது இருந்தால் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி மாட்டினேன் என்றா கேட்கிறாய்? எங்கள் கட்டடத்தில் திடீரென்று லிஃப்ட் நின்றுவிட்டது. “ரிப்பேர், பார்ட்ஸ் வரணும்” என்றார் வீட்டுக்காரர். மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தார்கள். படியேறி அலுத்துப்போய், குறைந்த வாடகை கொடுக்கும் பழைய ஆட்கள் தாங்களாகவே காலி செய்யட்டும் என்று. நான் சுவிட்சைப் போட்டேன். மறுநாள் அந்த அறைக்கே பூட்டு. அன்று சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாரும் பேச ஆரம்பித்தோம், அதுதான் சங்கம். லிஃப்ட்டைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பெரிய தகுதி!

நாலாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தார். கணவரைப் பிரிந்தவர், ஒரு பெண் குழந்தை. சங்க வேலை எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். முதலில் வெளியே அனுப்பப்பட்டதும் அவர்தான். “ஆம்பளை இல்லாத வீடு, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க” என்றார் வீட்டுக்காரர். எவ்வளவோ சத்தம் போட்டோம், காப்பாற்ற முடியவில்லை. இப்போது உன் ஊர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. உன் மாடியைச் சொல்லியிருக்கிறேன். “எங்க அக்கா தங்கமானவங்க, என் பேரைச் சொல்லுங்க” என்றேன். வந்தால் பார்த்துக்கொள். லீவுக்கு நானும் வருகிறேன்.

அன்புத் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. தபால்காரர் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார், அந்தம்மா சாவகாசமாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ சொன்ன நர்ஸ் இங்கே வரவில்லை. வந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஏதாவது கிடைத்திருக்கும். மாடிக்கும் ஆள் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அதனால் வேறு யாரையும் அனுப்ப வேண்டாம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. உனக்கு இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு என்ன வயது? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 31

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

இங்கே ஒரு கூட்டம் நடந்தது. வீடு தேடிப் போன இடங்களில் என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். மீதிச் சாமான்களை எடுத்துப்போக வந்த நர்ஸும் பேசினார்.

“ஒரு ஊர்ல வீடு பார்த்தேன். அந்தம்மா அன்பாத்தான் பேசினாங்க. மாடியைத் திறந்து காட்டினாங்க. என் பொண்ணு சின்ன ரூமுக்குள்ள ஓடிப்போய், இது எனக்குன்னா. அப்புறம் உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்னு கேட்டாங்க. வரமாட்டார், பிரிஞ்சிட்டோம்னேன். உடனே அவங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சு, நேத்தே வேற ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டாங்கன்னு!”

கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்த நானும் சிரித்தேன். எல்லாரையும் விடச் சத்தமாக.

“இறங்கும்போது மூணாவது படி உடைஞ்சிருக்குன்னு என் பொண்ணு கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாங்க. கெட்டவங்க இல்ல” என்று முடித்தார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் படியைப் பூசித் தருகிறேன் என்று எத்தனை தடவை உன்னிடம் சொல்லியிருக்கிறேன்!

கீழ்த்தளத்து டெய்லர் எழுந்து, “எந்த ஊரு, எந்தத் தெரு, சொல்லுங்க. நாம போய்க் கேப்போம்” என்றார். நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான்தான், “தனிப்பட்டவங்களை இழுக்க வேண்டாம், அடுத்தவர் பேசலாம்” என்றேன். லிஃப்ட்டை நிறுத்தியவரின் பெயரையும் விலாசத்தையும் பத்திரிகைக்காரரிடம் எழுத்துக்கூட்டிச் சொன்னவன் நான், அக்கா.

கூட்டம் கலைந்ததும் அவரிடம், “என் பேரைச் சொல்லலையா?” என்று கேட்டேன். “சொல்லியிருந்தா கொடுத்திருப்பாங்க சார். ஆனா உங்களைத் தெரியாத ஒருத்தி நாளைக்கு வந்தா?” என்றார்.

உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உன் முகத்தைப் பார்க்கவும் முடியாது. லீவுக்கு வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 14

தம்பி,

பொய்தான் எழுதினேன். உன் கடிதத்தைப் பிரித்து, நர்ஸ், பெண் குழந்தை என்று படித்தவுடனேயே யாரென்று தெரிந்துவிட்டது.

அவள் பிரிந்துவிட்டோம் என்றதும் என் நாக்கு ஏன் அப்படிப் புரண்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவளைத் தப்பாக நினைக்கவில்லை. பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்களோ என்றுதான் தோன்றியது. உன் அத்தான் போன பிறகு நானும் ஆம்பளை இல்லாத வீட்டில்தான் இருக்கிறேன். பத்திரம் என் பெயரில் இருப்பதால் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, “என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்றாள். நான் அங்கேயே செத்துப்போனேன். “மாடி உனக்குத்தாம்மா, வந்துடு” என்று எப்படியோ சொன்னேன்.

“வேண்டாம்மா” என்றாள். “இப்ப வந்தா, மாசாமாசம் வாடகையோட சேர்த்து உங்களுக்கு நன்றியும் சொல்லிக்கிட்டே இருக்கணும். என்னால முடியாது.” இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறார்களாம். குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “அவ உங்களைப் பார்த்தா ரூமைக் கேப்பாம்மா” என்றாள். எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் பேக்கரியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்து வீடு கேட்டார்கள். கல்யாணம் ஆச்சா, அப்பா அம்மா எங்கே என்கிற கேள்வியெல்லாம் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் வந்தது, பார். விழுங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்து, “யாரு அவங்க?” என்றாள். “குடிவந்திருக்காங்க” என்றேன். மேற்கொண்டு ஏதோ கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

இனி உன் விஷயம். அக்காவை இழுக்க வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று நீ உனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாய். அப்படிச் சொல்லிக்கொள்ளாதே. உன் மேடை போய்விடுமே என்று மூடிக்கொண்டாய். நான் அக்கம்பக்கத்துக்குப் பயந்தேன், நீ கூட்டத்துக்குப் பயந்தாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல். என் அக்கா வீடுதான் என்று சொல். டெய்லர் கேட்டால் தெருவையும் கதவு எண்ணையும் கொடு. அவர்கள் வந்து என்னைக் கேட்கட்டும், வாசலில் நின்று பதில் சொல்கிறேன். உன்னைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கினால் இறங்கிக்கொள். அந்தப் பெண் உன் முகத்துக்காக எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தச் சுமையை அவள் தலையிலிருந்து இறக்கி வை.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. லீவுக்கு வா. ஆனால் கூட்டத்தில் சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வருவதாக இருந்தால், இந்த வருஷம் வேண்டாம்.

அக்கா