வீட்டு நம்பருக்குப் போன ரிப்போர்ட்

சண்டை போட்ட அன்றைக்கும் எனக்குச் சோறு மூடிவைத்துவிட்டுப் படுக்கும் என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது, உனக்கும் அது பிடிக்காது. உன் ரிப்போர்ட்டை வெளியே விட்டது லேப் பெண் இல்லை. நான்தான்.

இது நாலு பேர் படிக்கிற கடிதம். அதனால் உன் பெயரை எழுதவில்லை. நீ வாழப்போன ஊரின் பெயரும் இல்லை. கம்பத்துக்குப் பக்கம், திராட்சைத் தோட்டம் என்றால் போதும். நோயின் பெயரும் இல்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் நோய், அவ்வளவுதான். என்ன நோய் என்று படிக்கிறவர்களுக்கு அரிக்கும். அரிக்கட்டும்.

அன்றைக்கு நீ தேனியில் இறங்கி நேராக நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். பழனிசெட்டிபட்டிக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாய். பதிவு கவுண்டரில் வரிசை வாசல்வரை நின்றது. எனக்குத்தான் வரிசை என்றாலே ஆகாதே. உன் இன்சூரன்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நானே பதிந்தேன். பெயர், வயது, போன் நம்பர். அட்டையில் இருந்த நம்பரை அப்படியே அடித்தேன். லேபில் டெஸ்டுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாய். "ரிப்போர்ட் வந்ததும் போன் பண்றேன், போ" என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

அது உன் மாமனார் நம்பர். நம் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ரேஷன் அட்டை, கேஸ், பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டு நம்பர். அந்தப் போன் வீட்டுப் பெரியவர் சட்டைப்பையில் இருக்கும். உனக்கென்று தனிப் போன் இருந்தது. அதன் நம்பர் எனக்கு மனப்பாடம். உன்னைக் கேட்கக்கூட வேண்டியதில்லை. ஆனாலும் அதை அடிக்கவில்லை.

ரிப்போர்ட் தயாரானதும் தானாக வாட்ஸப்பில் போகும்படி புரோகிராம் எழுதியவனும் நானே. நோயாளிகளின் அலைச்சல் மிச்சம் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அனுப்பலாமா என்று ஒரு கேள்வி வைக்கலாமே என அப்போது தோன்றியது. இன்னொரு க்ளிக், வரிசை இன்னும் நீளும் என்று விட்டுவிட்டேன்.

உன் மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்த மெசேஜ் வந்தாலும் உரக்கடைக்குக் கொண்டுபோவார். பேங்க் மெசேஜ் முதல் கரண்ட் பில் வரை பாதி ஊருக்கு அந்தக் கடைக்காரர்தானே படித்துச் சொல்கிறார். உன் ரிப்போர்ட்டையும் அப்படியே சத்தமாகப் படித்திருக்கிறார். பூச்சி மருந்து வாங்க வந்தவர்கள் நின்று கேட்டிருக்கிறார்கள். நீ அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது உனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். உனக்கு இன்ன நோய் என்பது உனக்கே அப்படித்தான் தெரிந்தது. மெசேஜ் வந்த கதையை உன்னிடம் யாரும் சொல்லவில்லை; எனக்கே அது பின்னால் உரக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் போன் செய்தாய். "யாருடா தம்பி சொன்னா? ஒன்னயத் தவிர யார்ட்டயும் நான் வாயத் தொறக்கலயே."

அதற்குள் நான் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டேன். எந்த ரிப்போர்ட், எத்தனை மணிக்கு, எந்த நம்பருக்குப் போனது என்று எல்லாம் இருந்தது. பதிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"லேப்ல யாராச்சும் பேசியிருப்பாக" என்றேன்.

நீ நம்பினாய். அம்மா உன்னைவிட நம்பினாள். மறுநாளே லேப் கவுண்டரில் வந்து நின்றாள். "ஏத்தா, எம்பிள்ள குடியக் கெடுத்துட்டியே. ஒன் வாயி என்ன சந்தக்கடையா?" அந்தப் பெண் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "நான் யார்ட்டயும் சொல்லலம்மா. ஒங்க மக யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள். பத்தடி தள்ளி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரவில்லை. அந்த மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அங்கே உன் தோட்டத்தில் அறுவடை. "பந்தல் பக்கம் வரவேணாம்த்தா. வியாபாரி காதுக்குப் போனா பழம் கொடியிலயே கெடந்து அழுகும்" என்றாராம் உன் மாமனார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொன்னாய். மூன்றாம் மாதம் நான் வந்தபோது மீதி மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

"மாத்திரயப் பாத்தாத்தாண்டா அவுகளுக்கு நோவு நெனப்பு வருது. நிப்பாட்டிட்டா மறந்துருவாக. ஒடம்பும் தேறிருச்சுல்ல."

கத்தினேன். உனக்கு அறிவிருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு இருந்த அறிவு என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால், என் மேலிருந்த கோபத்திலாவது மாத்திரையை முழுங்கியிருப்பாயோ? நோய் திரும்பி வந்தபோது எந்த மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை. கடைசி வாரத்தில்கூட நீ அந்த லேப் பெண்ணைத்தான் திட்டினாய். நான் உனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புரோகிராமை மாற்றிவிட்டேன். இந்த நம்பர் யார் கையில் இருக்கும், ரிப்போர்ட்டை இதற்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பதிலைப் பதியாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மேனேஜர் முனகுகிறார். கவுண்டர் ஆட்களுக்குப் பழகட்டும் என்று சில நாள் நானே உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெரியவர், "ஏலே, பொண்ணு குடுக்கப்போறவன் மாதிரி இம்புட்டு வெசாரிக்கிற" என்றார். வரிசையே சிரித்தது. அவருக்குப் பின்னால் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. முறை வந்ததும் குனிந்து, "அது எங்க வீட்டு நம்பரு. அனுப்பாதீக. நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்கிறாய்? பத்து விநாடி இருக்குமா?

போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கட்டு முழுவதும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான், "ஒங்க அக்காளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவகிட்டச் சொல்லு. அந்தப் பிள்ளகிட்டயும் போய்ச் சொல்லு."

லேப் பெண் இப்போது பெரியகுளத்தில் ஒரு சின்ன லேபில் இருக்கிறாள். போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். முழுதாகக் கேட்டாள்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம்ண்ணே. ஒங்க அம்மா கத்துனது கவுண்டர்ல, அம்புட்டுப் பேர் முன்னால. நீங்க இங்கன வந்து காதுக்குள்ள சொல்றீக."



திங்கட்கிழமை காலையில்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். வருகிற திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அதே கவுண்டரில் நிற்பேன். அன்று பார்த்துக்கொண்டிருந்த நர்சுகள், பில் போடுகிறவர்கள், மேனேஜர் எல்லாரும் கேட்கும்படி, நம்பரைப் பதிந்தது நான், அனுப்பியது என் புரோகிராம், பழியை அந்தப் பெண் மேல் போட்டதும் நான் என்று சொல்வேன். அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவாளா தெரியாது. வேலை போனால் போகட்டும்.

அங்கேயும் உன் பெயரும் உன் நோயும் என் வாயில் வராது. இது உனக்கு நான் தரும் வாக்கு, அக்கா. என்னைத் திட்டவேண்டியதை எல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டினாய். அவளைத் திட்டியது போதும்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப்பிறந்த தம்பி