உங்கட கோபம் யாருடையது, உம்மா?

மையவாடி மண்ணுக்குள் இருக்கிற என்ட உம்மாவுக்கு, உங்கட மகளின் ஸலாம்.

முதலில் நான் கவனித்தது ஸ்கார்ஃபின் பட்டனைத்தான். தாடைக்குக் கீழே அமத்திப் பூட்டுகிற சின்னப் பட்டன். தறியில் குனிகிற நேரமெல்லாம் அது தானாகக் கழன்றது. கழுவிக் கழுவித் துணி சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறொன்றைப் போட்டேன். அதுவும் கழன்றது. என்ட கழுத்துத்தான் பெருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும், உம்மா?

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. போகக்கூடிய வாப்பா இப்போது பாலமுனையில் வேறொரு வீட்டில் இருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். வேறு ஆக்கள் வாசித்தாலும் பரவாயில்லை, என்ட பேரை மட்டும் போடவில்லை. என்ட வெட்கம் உங்களுக்குத் தெரியும்தானே.

நீங்கள் மவுத்தான பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சாச்சியுடன் இருக்கிறேன், அவட வளவில் சாறன் நெய்கிறேன். உங்கட தங்கச்சி என்னை நன்றாகத்தான் பார்க்கிறா. ஏசுவா, ஆனால் என்ட சோற்றுக் கோப்பையில்தான் பெரிய மீன் துண்டு விழும்.

பட்டனுக்குப் பிறகு கை வியர்க்கத் தொடங்கியது. வெள்ளை நூலில் என்ட விரல் பட்ட இடமெல்லாம் ஈரம். "என்ன புள்ள, மீன் கழுவின கையோடயா தறியில இரிக்கிறாய்?" என்று சாச்சி கேட்டா. மூன்று நேரமும் வயிறு நிறையத் தின்றேன், சட்டை தொளதொளத்தது. "இந்தச் சோறெல்லாம் எங்க புள்ள போகுது? ஆரையும் நினைச்சுக்கிட்டு இரிக்கியா? சொல்லு, போய்க் கேட்டுப் பாப்பம்." நான் தலையைக் குனிந்தேன். குனிந்ததைப் பார்த்து அவ இன்னும் சிரித்தா.

சும்மா இருக்கும்போதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால், உம்மா, எனக்கு எப்போது அடிக்காமல் இருந்தது? சின்ன வயதிலிருந்தே ஆராவது என்னோடு கதைத்தால் நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும். வெட்கம் எங்கே முடிந்தது, நோய் எங்கே தொடங்கியது என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பிறகு அந்த நாள் வந்தது. சாறன் எடுக்க வருகிற யாவாரி நான் நெய்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நீ நெய்ததா, கோழி கிண்டினதா?" என்றார்.

"அப்ப கோழிட்டப் போய் வாங்குங்க!"

வளவெல்லாம் கேட்கிற சத்தம். சொன்னது நான்தான். யாவாரி கதிரையோடு பின்னால் நகர்ந்தார். "யா அல்லாஹ், இவளுக்கும் வாய் இரிக்கா!" என்று சாச்சி விழுந்து விழுந்து சிரித்தா. சிரிப்பு பாதியில் நின்றது. என்னையே பார்த்தா. "சத்தம் அப்படியே உன்ட உம்மாட சத்தம்" என்றா.

எனக்கும் கேட்டது, உம்மா. அது உங்கட சத்தம்தான்.

அடுத்த கிழமை சாச்சி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. தமிழ் டொக்டர், பெண்தான், வயது குறைந்தவ. ஸ்கார்ஃபைத் தளர்த்தச் சொல்லி, தண்ணீர் தந்து, "விழுங்குங்க தங்கச்சி" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தா. கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு கடதாசியை வைத்தா. கடதாசி காற்றில் கிடப்பது போல நடுங்கியது. இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று அவ சொன்னதை என்னால் முடிந்த அளவுக்குச் சொல்கிறேன். கழுத்தில் தைரோய்ட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் சுரக்கிற ஹோர்மோன் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகுமாம். நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்க வேணும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேணும் என்பதெல்லாம் அதைப் பொறுத்ததாம். தலைக்குள் இன்னொரு சுரப்பி இருந்து, கூடினால் குறை, குறைந்தால் கூட்டு என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருக்குமாம். எனக்குத் தலை சொல்வதைக் கழுத்து கேட்கவில்லை. என்ட உடம்பே பிழையாக உண்டாக்கின ஏதோ ஒன்று, சுர, சுர என்று கழுத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறதாம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டா. சூடு தாங்க ஏலாதா? நித்திரை குறைவா? ஓரிடத்தில் இருக்க ஏலாதா? சின்ன விஷயத்துக்கும் கோபம் வருகிறதா? நான் ஓம், ஓம் என்றேன். ஆனால் எனக்குள் நீங்கள்தான் நடமாடிக்கொண்டிருந்தீர்கள். மார்கழி மழையில் நாங்கள் போர்த்திக்கொண்டு கிடக்க, ஃபேனைப் போட்டுவிட்டு வெறும் சீமெந்தில் படுப்பீர்கள். கழுவின வாசலையே திரும்பக் கழுவுவீர்கள். "கண்ணை உருட்டாத" என்று வாப்பா சொல்லுவார், நீங்கள் உருட்டாமல் சும்மா பார்க்கும்போதும்.

"குடும்பத்தில ஆருக்கும் இப்படி இருந்ததா?" என்று டொக்டர் கேட்டா.

"இல்ல டொக்டர், எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்ல." நான் வாய் திறக்கமுன் சாச்சி சொல்லிவிட்டா.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு மாப்பிள வீட்டார் விசாரிக்க வந்தா, தாய்க்கும் இருந்த, மகளுக்கும் இரிக்கி எண்டு சொல்லவா? வாயை மூடிக்கிட்டு டொக்டர் தந்த குளிசையப் போடு." பிறகு, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "ராத்தாவுக்கு அப்ப ஆர் இரத்தம் பார்த்த? எங்களுக்கு என்ன தெரியும்?" என்றா. ஸ்கார்ஃப் நுனியால் முகத்தைத் துடைத்தா.

ஓம், உங்களுக்கு இரத்தம் பார்க்கவில்லை. தண்ணீர் ஓதித் தந்தார்கள். கோபம் இறங்க என்று கழுத்தில் நூல் ஓதிக் கட்டினார்கள். நூல் இறுக்குது என்று நீங்கள் அதை அறுத்து எறிந்தீர்கள். அதையும் கோபம் என்றார்கள். நாங்கள் இருந்தது உங்கட சீதன வீடு, பிரிந்தால் வெளியே போக வேண்டியவர் வாப்பாதான். ஒரு நாள் அவர் தன் உடுப்புப் பையோடு வெளிக்கிட்டார். நீங்கள் சோற்றுக் கோப்பையை அவர் முதுகுக்கு எறிந்தீர்கள். பிறகு அந்தச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டு அழுதீர்கள். எறிந்தது ஆர்? பொறுக்கினது ஆர்?

அகப்பைக் காம்பால் என்ட முழங்காலில் அடித்தீர்களே, அது நீங்களா, அந்தச் சுரப்பியா? சுரப்பி என்று நினைத்தால் நெஞ்சு லேசாகிறது. அதோடு இன்னொரு பயம் வருகிறது. எனக்கு அம்மை போட்டபோது பக்கத்தை விட்டு எழும்பாமல் வேப்பிலையால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். வகுப்பில் என்னை ஊமை என்ற டீச்சரோடு சண்டை பிடிக்க, வெயிலில் வெறுங்காலோடு ஓடி வந்தீர்கள். அந்தக் களைக்காத ஓட்டம் எங்கேயிருந்து வந்தது? கோபத்தை அந்தச் சுரப்பிக்குக் கொடுத்தால், அன்பையும் அதற்கே கொடுக்க வேணுமா? அப்படியென்றால் எனக்கென்று உங்களில் மிச்சம் என்ன?

குளிசை போட்டு இப்போது நெஞ்சு ஆறுதலாக அடிக்கிறது. தறியில் நூல் ஈரமில்லாமல் காய்ந்திருக்கிறது. "எங்கட பழைய புள்ள வந்துட்டாள்" என்று சாச்சிக்குச் சந்தோஷம். யாவாரி இப்போது என்னை "மகள்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோழிக்கதை சொன்னவளை எனக்குப் பிடித்திருந்தது, உம்மா. அவள் நோயா? இவள்தான் நானா?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வாப்பா வந்தார், அப்பிள் பையோடு. உள்ளே வரவில்லை, வாசலில் கதிரை போட்டோம். "சாப்பிடுறீங்களா மகள்?" என்று கேட்டார். பிறகு சாச்சியைப் பார்த்து, "யாவாரிக்கு ஏசினதாம், தாய்ட குணம் புள்ளைக்கும் வந்திட்டுது போல. ஆராலயும் தாங்க ஏலாத குணம்" என்றார். சாச்சி அப்பிள் பையை உள்ளே கொண்டு போனா. நான் என்ட கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகும் "குணம்" என்ற அந்தச் சொல் கதிரையில் இருப்பது போல இருந்தது. இனி உங்களை ஆர் நினைத்தாலும் இந்த ஒரு சொல்தானா?

இன்றைக்குக் கிளினிக். சாச்சி குளிசை வரிசையில் நின்றா, நான் தனியே உள்ளே போனேன். டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "என்ட உம்மாவுக்கும் இது இருந்திருக்கும்."

அவ பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. எல்லாம் சொன்னேன். ஃபேன், வாசல், கண், நூல், எறிந்த கோப்பை. உம்மா எப்படி மவுத்தானா என்று கேட்டா. நெஞ்சு படபடக்குது என்று சுவரில் சாய்ந்து இருந்தவ, பிறகு எழும்பவில்லை என்றேன்.

"இருந்திருக்கலாம் தங்கச்சி. இரத்தம் பார்க்காம ஓம் எண்டும் சொல்ல ஏலாது, இல்லை எண்டும் சொல்ல ஏலாது."

"அப்ப அவட கோபம்?"

"அந்த நோய் இருந்திருந்தா, கோபத்தக் கூட்டியிருக்கும். முழுக்க அதுதானா எண்டு கேட்டா..." பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "எங்கட அம்மாவுக்கு தைரோய்ட் ஒண்டும் இல்ல. அவவும் சட்டி எறிவா" என்றா.

நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது.

உம்மா, வாக்குத் தருகிறேன். குளிசையை விடமாட்டேன். உங்களை நல்லவ என்று பொய் சொல்லவும் மாட்டேன், அடித்த இடம் இன்னும் நோகிறது. ஆனால் "அவட குணம்" என்று ஆராவது தொடங்கினால், அது குணமா நோயா என்று எங்களுக்குத் தெரியாது, ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்லுவேன். இல்லாத உறுதியை நானும் காட்டமாட்டேன், அவர்களையும் காட்ட விடமாட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு சாச்சிட ஃபோனை எடுத்தேன். பாலமுனைக்கு அடித்தேன்.

"ஹலோ, ஆரு?" என்றார்.

"நான்தான் வாப்பா. உம்மாவப் பத்திக் கதைக்க வேணும்" என்றேன்.

இப்படிக்கு,
உங்கட வயிற்றில் பிறந்த ஒரே ஒருத்தி