புட்டியில் வந்த ஊருணித் தண்ணீர்

கொழும்பு,
1954, புரட்டாசி

அன்புள்ள அமராவதிக்கு அடைக்கலம் எழுதுவது. நான் சுகம். ஆத்தாவுக்கு மூட்டுவலி தேவலையா? சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதா?

கவலைப்பட ஒன்றுமில்லை, இங்கே ஒரு கூத்து நடந்தது. நம் தெரு நாகராசு கப்பலேறும்போது, நான் கேட்டபடி நம் ஊருணித் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தான். இளநீர் தோற்றுப்போகும் என்று கடை ஆட்களிடம் பீற்றிக்கொண்டு ஆளுக்கொரு வாய் ஊற்றினேன். ஒரே சாணி நாற்றம். நானே துப்பிவிட்டேன். அடைத்து வைத்ததில் கெட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

"இல்லண்ணே, ஊருலயே அப்புடித்தான். மழை பேஞ்சா ஒங்க எருக்குழியக் கரைச்சுக்கிட்டுத்தான் தண்ணி ஊருணிக்கு எறங்குது" என்றான் நாகராசு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போன தடவை வந்தபோது அந்தக் குழியை வெட்டியவன் நான். "தண்ணி வார பாதைங்க, அங்கிட்டு வேணாங்க" என்று நீ சொன்னாய். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று உன் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு கடிதத்தில்கூட இதைக் குத்திக்காட்டவில்லை. அதுதான் அதிகம் சுடுகிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் எருவை வண்டியில் வயலுக்கு அடித்துவிட்டு, குழியைத் தூர்த்துவிடக் கூலியாட்களிடம் சொல். முதல் மழைத் தண்ணீரை ஊருணிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடட்டும். ஊரார் கேட்டால், தப்பு என்னுடையது என்றே சொல். யாராவது கொழும்புக்கு வந்தால் நீ போட்ட கத்தரி வற்றல் கொஞ்சம் கொடுத்துவிடு.

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஊருணி சுத்தமாகும்வரை தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, அமராவதி. நான் துப்பியதைத்தான் சின்னவன் தினமும் குடிக்கிறான்.

அடைக்கலம்